காஞ்சி வழியில் ஒரு புளித்த பானம்: பெரும்பாணாற்றுப்படை கூறும் நெற்கள் வடிப்பும் அதன் சுவையும்

ஆய்வுச்சுருக்கம்

சங்கப் பாடல்களில் வரும் மதுவகைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் பெயர்களைத் தொகுப்பதோடு நின்றுவிடுகின்றன. தொகுக்கும்போது எல்லாவற்றையும் ‘கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவதால் மரச்சாற்றுக்கும் தானிய வடிப்புக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. கச்சி நகரைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அரிசியிலிருந்து இரண்டு நாளில் வடிக்கப்படும் ஒரு பானத்தின் செய்முறையைப் படிப்படியாகத் தருகிறது. அச்செய்முறையை நொதித்தல் அறிவோடு ஒப்பிட்டு, அப்பானம் மென்மையும் புளிப்பும் கொண்ட நெற்கள் என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ‘அடை’ என்னும் சொல்லின் பொருளையும், பிற்கால ஆவணங்களில் இப்பானம் இடம்பெறாமைக்கான காரணத்தையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தோப்பி, அடை, பிழி, பெரும்பாணாற்றுப்படை, மத்தவிலாசம், காஞ்சிபுரம், நொதித்தல்

முன்னுரை

கடந்த சில பத்தாண்டுகளில் மேலை நாடுகளில் புளிப்புப் பியர் வகைகள் மீண்டும் செல்வாக்குப் பெற்றுள்ளன. பெர்லின் நகரின் ‘பெர்லினர் வைசே’, லைப்சிக் நகரோடு தொடர்புடைய ‘கோசே’, பிரசல்சு வட்டாரத்து ‘லாம்பிக்’ ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. முதலிரண்டும் போதை குறைந்தவை. வெயில் நேரத்தில் நாவுக்குக் குளிர்ச்சி தருபவை. கோதுமையும் பார்லியும் கலந்த பெர்லினர் வைசேயில் ஆல்ககால் ஏறத்தாழ 3 விழுக்காடு. கோசேயில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்க்கிறார்கள். இவற்றின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமில நுண்ணுயிர்க் குடும்பமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூய ஈஸ்ட்டும் குளிரூட்டலும் வந்தபின் ஐரோப்பியத் தொழிற்கூடங்கள் இந்தப் புளிப்பைக் குறையாகக் கருதி ஒதுக்கின. சிறு வடிப்பாளர்கள் இன்று அதையே நயமாகக் கண்டு மீட்டெடுத்திருக்கிறார்கள்.

இந்த மீட்டெடுப்பைப் பார்க்கும் தமிழ் வாசகர்க்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. தானியத்தை முளைகட்டி, கூழாக்கி, புளிக்கவைத்து, வடித்துக் குடிக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்ததா? இருந்தது. அதற்கான விரிவான சான்று ஒரே ஒரு பாட்டின் சில அடிகளில் உள்ளது. அப்பாட்டு காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்லும் வழியைப் பாடுவதாகும்.

காஞ்சி என்னும் ஊர்ப்பெயரையும் கஞ்சி என்னும் உணவுப்பெயரையும் ஒலியொப்புமை கொண்டு இணைக்கும் ஆசை சிலருக்கு எழக்கூடும். அது சொற்பிறப்புச் சான்றாகாது. இங்கு அது வாதமாக எடுக்கப்படவில்லை.

ஆற்றுப்படை வழியில் மூன்று குடிப்புகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன் எதிர்ப்பட்ட பாணனுக்கு இளந்திரையனின் ஊர்க்கு வழி கூறுவது அதன் அமைப்பு. ஒவ்வொரு நிலத்திலும் யார் என்ன உணவு தருவர் என்று சொல்வது ஆற்றுப்படையின் மரபு. உணவு வரலாற்றாய்வுக்கு இம்மரபு பெருங்கொடை. அரண்மனை விருந்து ஒன்றோடு நில்லாமல் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பலர் வீட்டு அடுக்களையையும் அது காட்டுகிறது.

இப்பாட்டில் மது மூன்று இடங்களில் தெளிவாக வருகிறது. முதலாவது, காட்டரண்களில் வாழும் எயினரின் வீடு. அவர்கள் கவர்ந்து வந்த ஆநிரையைக் கள்ளுக்கு விலையாகக் கொடுக்கிறார்கள்; வீட்டிலேயே சமைத்த தோப்பியைப் பருகி மன்றத்தில் ஆடுகிறார்கள். விலைக்கு வாங்கிய கள்ளும் வீட்டில் ஆக்கிய தோப்பியும் இங்கே அடுத்தடுத்து நிற்பது கவனிக்கத்தக்கது. இரண்டும் ஒன்றே என்றால் அருகருகே இரண்டு சொல் வேண்டியதில்லை. தோப்பியை நெல்லால் செய்த கள் என்று உரைமரபு கொள்கிறது. நடுகல்லுக்குத் தோப்பியும் ஆட்டுப் பலியும் படைக்கும் வழக்கத்தை அகநானூற்று 35ஆம் பாடலும் சொல்வதால், அப்பானம் வீட்டு நுகர்வோடு நில்லாமல் வழிபாட்டிலும் இடம்பெற்றது என அறிகிறோம்.

இரண்டாவது, நீர்நிலைகளை ஒட்டி வாழும் வலைஞர் குடியிருப்பு. செய்முறை விவரிக்கப்படும் இடம் இதுவே. சுட்ட மீனோடு இந்தப் பிழியைப் பாணர் பெறுவர் என்று பாட்டு கூறுகிறது.

மூன்றாவது, நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறை சார்ந்த பட்டினம். அங்கே கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது. அச்சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஆண்பன்றியை அவற்றோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவை உணவாக ஊட்டி, பலநாள் கொழுக்கவைத்து, அதன் தசையை நறவோடு விருந்தாகத் தருகிறார்கள். கழிவுநீர் தேங்கிச் சேறாகும் அளவுக்கு வடிப்பு நடந்திருக்கிறது என்றால் அது ஒரு வீட்டின் தேவைக்கு மட்டும் ஆனதாக இருக்க முடியாது. தொழிலாகச் செய்தவர்கள் பெண்கள். மெசொப்பொத்தேமியாவிலும் இடைக்கால இங்கிலாந்திலும் தானிய மது பெண்களின் கைத்தொழிலாக இருந்ததை ஐரோப்பிய வரலாற்றாய்வு விரிவாகப் பேசியிருக்கிறது. தொண்டைநாட்டுச் சான்று அவ்வரிசையில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

வடிப்பு முறை

வலைஞர் வீட்டுச் செய்முறையைப் பாட்டின் வரிசையிலேயே உரைநடையில் சொன்னால் அது பின்வருமாறு அமையும். குற்றித் தீட்டாத அரிசியைக் குழையச் சமைத்துக் களியாகத் துழாவுகிறார்கள். அக்களியை வாய் அகன்ற பிழா என்னும் தட்டில் பரப்பி ஆறவிடுகிறார்கள். பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய அடையை அதனோடு கலக்கிறார்கள். இனிப்பு உண்டாகிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. உறுதியான வாயையுடைய சாடியில் அது ‘வழைச்சு’ நீங்கும்படி முதிர்கிறது. பின் அரித்து, விரல்களால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள்.

ஏழு அடிகளுக்குள் இவ்வளவும் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியும் தேவையானது, வரிசையும் பிறழவில்லை. வடிப்பைக் கண்ணால் பார்த்தவர் அல்லது பார்த்தவரிடம் கேட்டவர் பாடியது என்று கொள்ள இதுவே போதிய காரணம்.

தீட்டாத அரிசி என்பது முதல் குறிப்பு. தவிட்டில் புரதமும் கொழுப்பும் உயிர்ச்சத்துகளும் உள்ளன. நுண்ணுயிர்களுக்கு அவை நல்ல தீனி. ஜப்பானியர் சாக்கே வடிக்க அரிசியின் புறப்பகுதியைப் பெருமளவு தீட்டிக் களைவது தெளிவான சுவைக்காக. வலைஞர் வீட்டு அரிசி அதற்கு நேர் எதிரான திசையில் போகிறது. அதில் விளையும் பானம் கலங்கலாகவும் உடல்கட்டோடும் இருக்கும். புளிப்பும் எளிதில் ஏறும்.

களியாக்குதல் மாவுச்சத்தை நீரில் ஊதி நெகிழவைக்கிறது. நெகிழாத மாவுச்சத்தை நொதிகள் விரைவில் சிதைக்க இயலாது. அடுத்து ஆற்றுதல். கொதிக்கும் களியில் அடையைக் கலந்தால் அதிலுள்ள நொதிகளும் ஈஸ்ட்டும் அழிந்துவிடும் என்பதால் இப்படி தவிர்க்க முடியாதது. ஆனால் ஆற்றுவதற்கு ஏன் வாய் அகன்ற பாத்திரம்? விரைந்து ஆறும் என்பது ஒரு விடை. மற்றொன்றும் உண்டு. பெல்ஜிய நாட்டு லாம்பிக் வடிப்பாளர்கள் காய்ச்சிய சாற்றை அகன்ற, ஆழமற்ற தொட்டியில் ஓர் இரவு திறந்து வைத்து ஆற்றுவார்கள். அக்காற்றிலும் அக்கூடத்திலும் உள்ள ஈஸ்ட்டும் அமில நுண்ணுயிர்களும் அப்போது சாற்றில் வந்து சேர்கின்றன. அவர்கள் வேறு ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பிழாவில் பரப்பிய களியும் அதே வாய்ப்பைப் பெறுகிறது. வலைஞர் இதை அறிந்து செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிழாவின் மரத்திலும் கைவிரலிலும் பழைய சாடியின் உட்சுவரிலும் ஒட்டியிருந்த உயிர்கள் தம் வேலையைச் செய்திருக்கும்.

இனிப்பு உண்டாதல் பற்றிய குறிப்பே இப்பகுதியின் மையம். அடை கலந்த பின்னரே இனிப்பு வருகிறது என்ற வரிசை, மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் நிலையை நாவால் கண்டறிந்த பதிவாகும். தேன் கலந்ததாக இதற்குப் பொருள் காண்பதற்கு இடம் குறைவு. தேனைச் சேர்ப்பது செய்முறையில் ஒரு தனிப் படியாக வந்திருக்க வேண்டும். இங்கோ அது கலத்தலின் விளைவாகவே சொல்லப்படுகிறது.

கடைசிப் படியில் ஓர் ஐயம் உண்டு. அரித்தலைச் சிறப்பிக்கும் ‘வெந்நீர்’ என்னும் சொல் சூடான நீரைக் குறிக்கலாம். பானத்தின் கடுமையான அல்லது விரும்பத்தக்க தன்மையையும் குறிக்கலாம். சூடான நீர் என்று கொண்டால் கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் வழங்கும் தோங்பா நினைவுக்கு வரும். அங்கே புளித்த கேழ்வரகின் மேல் வெந்நீரை ஊற்றி, ஊறியபின் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். இரண்டு நாள் புளித்த கெட்டிக் களியிலிருந்து சாரத்தை இறக்க நீர் வேண்டும் என்பதால் நேர்ப்பொருளே பொருத்தமாகப் படுகிறது. அவ்வாறாயின் குடிப்பவர்க்குக் கிடைத்தது நீர்த்த, மென்மையான பானமே.

அடை: முளையா, பூஞ்சணக் கட்டியா?

அடை என்பதை முளைத்த நெல்லாகக் கொள்வது உரைமரபு. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பின் இப்பொருளே அகராதிகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் நிலைபெற்றது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி மிகும். ஐரோப்பியப் பியருக்கு அடிப்படையான முளைகட்டிய பார்லியும் இதே நெறியில்தான் செயல்படுகிறது.

இதற்கு எதிராக ஒரு கருத்தை முன்வைக்க முடியும். கிழக்காசியாவிலும் இந்தியாவின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் அரிசி மதுவுக்கு முளை பயன்படுவது குறைவு. அரிசிமாவோடு மூலிகைகளைப் பிசைந்து, பூஞ்சணமும் ஈஸ்ட்டும் படரவிட்டு உலர்த்திய சிறு கட்டிகளே அங்கு வழக்கம். சார்க்கண்டு, ஒடிசா பழங்குடியினர் ஹண்டியா வடிக்கப் பயன்படுத்தும் ‘ராணு’ உருண்டைகள் அவ்வகையின. முளைநெல்லின் நொதியாற்றல் முளைபார்லியினுடையதைவிடக் குறைவு என்பதும் அறிந்ததே. தமிழில் ‘அடை’ தட்டையான கட்டியையும் பணியாரத்தையும் குறிக்கும் சொல். மேலும் பாட்டில் அடையின் புறம் ‘பூ’ என்ற அடையைப் பெற்றுவருகிறது. உரை இதனைப் பொலிவு என்று கொண்டது. ஊறுகாயின் மேல் வெள்ளை படர்ந்தால் ‘பூத்துவிட்டது’ என்று சொல்வதும், அப்படர்வுக்குப் பூஞ்சணம் என்று பெயர் வழங்குவதும் தமிழ் வழக்கு. பூத்த புறமுடைய கட்டி என்று கொண்டால் பூஞ்சணக் கட்டியே நேராகக் கிடைத்துவிடுகிறது.

உவமையும் இக்கருத்துக்கு இடம் கொடுக்கிறது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான்கள் மென்ற தாவரப் பொருளால் கட்டி, அதன்மேல் ஒருவகைக் காளானை வளர்க்கும் தோட்டம் அது. துளைகள் நிறைந்து, இலேசாக, நூலிழைகள் படர்ந்து, இடையிடையே வெண்மையான சிறு மணிகளோடு காணப்படும். பூஞ்சணம் படர்ந்த ஒன்றுக்குப் பூஞ்சணம் படர்ந்த மற்றொன்று உவமையாகியிருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

ஆயினும் உரைமரபைக் கைவிடுவது அவசரமான முடிவு. நாகாலாந்தில் அங்காமி மக்கள் வடிக்கும் ‘சூத்தோ’ என்னும் அரிசிப் பானத்தில் உமி நீக்காத நெல்லை முளைக்கவைத்து, உலர்த்தி இடித்து, ஆறிய அரிசிக் கூழில் கலக்கிறார்கள். கூழ், ஆற்றுதல், முளைநெல், சில நாள் புளிப்பு என்ற வரிசை பெரும்பாணாற்றுப்படையின் வரிசையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. ஆகவே முளைநெல்லால் மட்டும் அரிசி மது ஆகாது என்ற வாதம் எழ வழியில்லை. ஈரநெல்லை மூட்டம் போட்டு முளைக்கவைக்கும்போது வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும் என்பது நாற்றுவிட்ட உழவர் அனைவரும் அறிந்தது. அப்பின்னலும் குரும்பியைப் போன்றதுதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த தொண்டைநாட்டில் அக்கட்டியின்மேல் பூஞ்சணம் படராமல் இருப்பதே அரிது.

எனவே முளையா பூஞ்சணமா என்று பிரித்துக் கேட்பதே பிழையாகலாம். பின்னி அடையாகிய முளைநெல், தன்மேல் பூத்த பூஞ்சணத்தோடு, இரண்டு வழியாலும் மாவுச்சத்தைச் சிதைத்திருக்கும். இப்பொருள் உரைகாரரின் சொல்லையும் பாட்டின் உவமையையும் ஒருங்கே காக்கிறது. சங்கப் பாடலுக்குப் பல நூற்றாண்டு பிந்திய உரைகாரர் முளை என்று பொருள் கொண்டதற்கு நூற்கல்வி மட்டுமே அடிப்படையா, அவர் காலத்திலும் எங்கோ இம்முறை வழங்கியதா என்ற கேள்வி தனி ஆய்வுக்குரியது.

புளிப்பும் வழைச்சும்

பாட்டு இப்பானத்தைப் புளித்தது என்று கூறவில்லை. மணமுடையது என்றே கூறுகிறது. புளிப்பு என்பது செய்முறையிலிருந்து பெறப்படும் முடிவு. அதற்கான காரணங்கள் வலுவானவை. தமிழக வெப்பத்தில் நீரூற்றிய சோறு ஓர் இரவிலேயே புளித்து நீராகாரம் ஆகிவிடும். தவிட்டோடு கூடிய களி, முளைநெல்லின் உமியில் வாழும் நுண்ணுயிர்களோடு, இரண்டு நாள் சாடியில் கிடந்தால் லாக்டிக் அமிலம் ஏறாமல் இருக்காது. ஐரோப்பியர் இந்நுண்ணுயிர்களை அடக்கப் பயன்படுத்திய ஹாப்ஸ் பூ இங்கே இல்லை. அடை சேர்த்தபின் மீண்டும் கொதிக்கவைத்தலும் சொல்லப்படவில்லை.

இரண்டு நாள் என்ற காலவரையும் சுவையைப் பற்றிப் பேசுகிறது. சங்கப் பாடல்கள் நெடுநாள் முதிர்ந்த மதுவை வேறு மொழியில் பாடுகின்றன. நிலத்தில் புதைத்து முதிரவிட்ட தேறலைப் புறநானூற்று 120ஆம் பாடல் காட்டுகிறது. ஔவையார் பாடலொன்று நாட்பட்ட தேறலைத் தேள் கடுப்புக்கு ஒப்பிடுகிறது. சிறுபாணாற்றுப்படை பாம்பின் சினத்துக்கு ஒப்பிடுகிறது. அவை கடுமையால் புகழ்பெற்றவை. வலைஞர் பிழிக்கு அத்தகைய உவமை எதுவும் தரப்படவில்லை. அதன் அளவுகோல் ‘வழைச்சு’ நீங்குதல் மட்டுமே. வழைச்சு என்பது இளமை, பச்சைத்தன்மை. முழுதும் நொதியாத பியரில் ஒரு பச்சை வாடை இருப்பதை இன்றைய வடிப்பாளர்களும் அறிவர். அது நீங்கும் தறுவாயே இறக்கும் பதம். அதற்கு முன் எடுத்தால் பச்சை வாடை. மேலும் பல நாள் விட்டால் காடி. அந்தப் பதத்தைத் தமிழ் வடிப்பாளர் ஒற்றைச் சொல்லால் குறித்திருக்கிறார்கள். சுவை பார்த்துத் தீர்மானிக்கும் தொழிற்சொல் ஒன்று இவ்வளவு பழமையான பாட்டில் எஞ்சியிருப்பது எளிதில் கிடைக்கும் பேறன்று.

குடிப்போடு புளிப்பை விரும்பும் நாக்கு சங்கச் சமூகத்தில் இருந்ததற்குப் புறநானூற்று 177ஆம் பாடலும் சான்று. கண் சிவந்த ஆடவர் புளிப்பை நாடிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் உண்ணும் காட்சி அதில் வருகிறது. சுட்ட மீனோடு புளித்த மெல்லிய பானத்தைத் தருவதும் அதே நாக்கின் தேர்வாகவே தோன்றுகிறது. கொழுப்பான உணவின் திகட்டலைப் புளிப்பு வெட்டும்.

கச்சி நகரின் மதுக்கடை

மேற்கண்டவை எல்லாம் கச்சிக்குச் செல்லும் வழியில் நிகழ்பவை. நகரத்துக்குள்ளே குடித்தல் எப்படி இருந்தது என்பதற்குப் பல்லவர் காலச் சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவில் நிகழும் வடமொழி நகைநாடகம். திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் த. கணபதி சாஸ்திரி 1917இல் இதைப் பதிப்பித்தார். காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் கல்வெட்டும் இந்நாடகப் பெயரைச் சுட்டுகிறது.

சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் போதையில் நகரத்தில் அலைகிறார்கள். மதுக்கடையைக் கண்ட காபாலிகன் அதனை வேள்விச்சாலையாக வருணிக்கிறான். கடையின் கம்பம் வேள்வித்தூணாகிறது, மது சோமமாகிறது, குடியர் வேதியராகிறார்கள். கையிலிருந்த மண்டையோட்டைக் காணாததால் பசுவின் கொம்பில் மதுவை ஏற்கிறான். ஓட்டைத் தேடும் முயற்சியில் பௌத்தத் துறவி நாகசேனனோடு சண்டை மூள்கிறது. மதுவையும் மங்கையரையும் புத்தர் விலக்கியிருக்க மாட்டார், மூத்த துறவிகளே அப்பகுதியை ஒளித்துவிட்டார்கள் என்று அத்துறவி தனக்குள் எண்ணுவது நாடகத்தின் கூர்மையான நகைச்சுவை. கடைசியில் ஓட்டைக் கவ்விச் சென்றது நாய் என்று தெரியவருகிறது.

அக்கடையில் விற்ற மது எதனால் ஆனது என்று நாடகம் செய்முறை கூறவில்லை. ‘சுரை’ என்னும் வடசொல் பழைய நூல்களில் தானிய வடிப்பையே பெரிதும் குறிக்கும். அர்த்தசாத்திரத்தின் மதுக் கண்காணிப்பாளர் பற்றிய பகுதி அரிசியும் ‘கிண்வம்’ என்னும் நொதிக்கட்டியும் சேர்ந்த மதுவைச் சொல்கிறது. கிண்வம் உளுந்தும் அரிசியும் கலந்து ஆக்கப்படுவது. எனினும் ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிக் கடையில் அதுதான் விற்றது என்று அடித்துச் சொல்ல நாடகம் இடம் தராது. தெரிவது வேறு: வலைஞர் வீட்டில் விருந்தாகவும் எயினர் வீட்டில் நடுகல் மரபோடும் இருந்த குடிப்பு, நாடகத்தில் கம்பம் நட்ட கடையாகவும் நகைப்புக்குரிய பொருளாகவும் மாறியிருக்கிறது. இடையே திருக்குறள் கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக்கியிருந்தது. காஞ்சியில் கதை முடியும் மணிமேகலையும் கள்ளை விலக்கும் அறத்தைப் பேசியது. மன்னனே மது மயக்கத்தைத் தன் விருதுப்பெயரில் சூடிக்கொண்டதும் அதே நகரத்தில்தான்.

ஆவணங்களில் மரம் மட்டும்

பல்லவர், சோழர் கால பிரமதேயச் செப்பேடுகளில் கள் வருகிறது. ஆனால் மரத்தோடு வருகிறது. தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற நிபந்தனையும், ‘ஈழப்பூட்சி’ என்னும் வரியும் காணப்படுகின்றன. நெல்லிலிருந்து வடித்த பானத்துக்கு இத்தகைய இடம் இல்லை. இதைக் கொண்டு அப்பானம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. மரம் நிலத்தில் நிற்பது. எண்ணலாம், வரி விதிக்கலாம், ஏறத் தடுக்கலாம். வீட்டுச் சாடியில் இரண்டு நாளில் ஆகி மூன்றாம் நாள் தீர்ந்துவிடும் பானத்தை எந்த அதிகாரி எண்ணுவார்? ஆவணத்தின் மௌனம் வரியின் மௌனம் என்று கொள்வதே பொருத்தம்.

ஆங்கிலேயர் காலத்திலும் இதே பார்வை தொடர்ந்தது. 1886ஆம் ஆண்டின் மதராஸ் ஆப்காரிச் சட்டம் கள்ளைப் பனை இன மரங்களின் சாறாகவே வரையறுத்தது. மரத்துக்கு இவ்வளவு என்ற மரவரி முறை அதன் நடைமுறை. வங்காளத்தில் நிலை வேறு. அங்கே 1909ஆம் ஆண்டின் எக்சைஸ் சட்டம் புளித்த அரிசிப் பானத்தைப் ‘பச்வாய்’ என்று பெயரிட்டு வரையறுத்தது. குடிமக்கள் அதை வெளிப்படையாக வடித்துவந்ததால் சட்டத்துக்குச் சொல் தேவைப்பட்டது. மதுவிலக்கு இயக்கத்தின் அடையாளமும் தமிழகத்தில் மரமாகவே அமைந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி தம் தோப்புத் தென்னைகளை வெட்டிய நிகழ்வு இன்றும் நினைக்கப்படுகிறது.

சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. காஞ்சிபுரத்தவரான சி. என். அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த 1967–1969 காலத்திலும் அது தளரவில்லை. 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 தொடக்கத்திலிருந்து கள் தடைசெய்யப்பட்டுள்ளது. தடையை நீக்கக் கோரும் இன்றைய விவாதங்களும் பனையேறிகளின் வாழ்வாதாரம் பற்றியவையே. அக்கோரிக்கை தன்னளவில் நியாயமானது. சங்கப் பாடல்களை மேற்கோள் காட்டி அது பேசப்படும்போது மட்டும் ஒரு பிழை நுழைகிறது: தோப்பியும் பிழியும் பனங்கள்ளாக மாற்றிப் படிக்கப்படுகின்றன. அம்மாற்றத்தில் காணாமற்போவது ஒரு செய்முறையும், அதைச் செய்த பெண்களும்.

மாவுப் பானையில் எஞ்சியது

காஞ்சிபுரத்தார் நாக்கு புளிப்பை விட்டுவிடவில்லை. பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளைகளும் நான்கு சுவைக் கனிகளைத் தரும் என்பது தலமரபு. ஊர் தன் தலமரத்தையே சுவையால் எண்ணுகிறது. சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் குடலை இட்லி, அரிசியும் உளுந்தும் சேர்ந்து புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் கலந்து, மந்தாரை இலை பொதிந்த மூங்கில் குடலையில் வேகவைக்கப்படுவது. அரிசியும் உளுந்தும் என்ற இணை கிண்வத்தின் இணையே. இதனால் இட்லி மதுவிலிருந்து பிறந்தது என்று ஆகாது. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனே’ முதலியவற்றில் வரும் பழைய இட்லிப் பெயர்களுக்கு வேறு வரலாறு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ‘மானசோல்லாசம்’ கூறும் பண்டம் உளுந்தால் மட்டும் ஆனது.

ஒப்புமை தொழிலில் இருக்கிறது. ஊறவைத்தல், அரைத்தல், கையால் கலத்தல், முந்தைய நாள் உயிர்கள் ஒட்டிய பாத்திரம், பொங்கும் நேரத்தை மூக்கால் அறிதல், அளவு மீறுமுன் அடுப்பேற்றுதல். மாவைக் கையால்தான் கலக்க வேண்டும், கரண்டியால் கலந்தால் சரியாகப் பொங்காது என்று இன்றும் தமிழ் வீடுகளில் சொல்வார்கள். சாடியிலிருந்து எடுத்ததை விரலால் அலைத்துப் பிழிந்த வலைஞர் வீட்டுப் பெண்ணும் தன் மகளுக்கு இதையொத்த ஒன்றைச் சொல்லியிருக்கக்கூடும்.